கோள்களின் பாதை மாணவருக்குப் புரிந்ததா? – வாசகர் கேள்வி பதில்

கோள்களின் இயக்கத்தைப் பற்றி இந்தப் பகுதிக்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவற்றை ஆசிரியர்களும் பெற்றோரும் எழுதியிருக்கிறார்கள். வானத்தைப் பற்றிய ஐயத்தைவிட, மாணவர் அதைப் புரிந்துகொண்டாரா என்று எப்படி அறிவது என்ற கவலையே அவற்றில் மிகுதியாகத் தெரிகிறது. நீண்ட காலம் இயற்பியல் கற்பித்து, விடைத்தாள் திருத்தியவன் என்ற முறையில் அந்தக் கவலை எனக்கும் உரியது. ஆகவே இம்முறை அத்தகைய கேள்விகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: ஐயா, நான் ஒன்பதாம் வகுப்புக்கு அறிவியல் கற்பிக்கிறேன். கோள்களின் இயக்கத்தைப் பற்றி வானியலாளர் கெப்ளர் கண்ட மூன்று விதிகளையும் எழுதுமாறு தேர்வில் கேட்டிருந்தேன். வகுப்பில் முக்கால்வாசிப் பேர் ஒரு சொல் பிசகாமல் எழுதினார்கள். மறுநாள், "சூரியனுக்கு அருகே வரும்போது கோளின் வேகம் கூடுமா, குறையுமா?" என்று வாய்மொழியாகக் கேட்டபோது இருவர் மட்டுமே சரியாகச் சொன்னார்கள். முழு மதிப்பெண் கொடுத்த விடைத்தாள்களை நம்புவதா, மறுநாள் நிலவிய மௌனத்தை நம்புவதா?

பதில்: அந்த மௌனத்தையே நம்புங்கள். விடைத்தாள்கள் பொய் சொல்லவில்லை. நீங்கள் கேட்டது விதியின் வாசகத்தை. அவர்கள் தந்ததும் அதைத்தான். இரண்டாம் விதியை ஒருமுறை மெதுவாகப் படித்துப் பாருங்கள்: சூரியனையும் கோளையும் இணைக்கும் கோடு, சம கால அளவுகளில் சமமான பரப்புகளைக் கடக்கும். இந்த வாக்கியத்தில் வேகம் என்ற சொல்லே இல்லை. கோடு குட்டையாக இருக்கும்போது அதே பரப்பைக் கடக்க வேண்டுமானால் அது அகன்ற கோணத்துக்குத் திரும்பியாக வேண்டும், அதனால் கோள் விரைந்து நகர்ந்தாக வேண்டும் என்ற அடுத்த அடியை மாணவர் தாமே எடுத்து வைக்க வேண்டும். அந்த ஓர் அடிதான் புரிதல். அதை எடுத்து வைக்கும் தேவையே இல்லாமல் முழு மதிப்பெண் பெறலாம் என்றால், பிழை வினாத்தாளில் இருக்கிறது.

எனவே விதியைக் கேட்பதற்குப் பதிலாக, விதியைக் கொண்டு ஒன்றை முன்கூட்டிச் சொல்லுமாறு கேளுங்கள். இதற்கு ஹாலி வால்மீன் மிகப் பொருத்தமானது. அது ஏறத்தாழ 76 ஆண்டுகளுக்கு ஒருமுறை சூரியனைச் சுற்றி வருகிறது. மிக அருகே வரும்போது வெள்ளியின் பாதைக்கும் உட்புறமாக வந்து, மிகத் தொலைவில் இருக்கும்போது நெப்டியூனையும் தாண்டிச் செல்கிறது. அந்தப் பாதையை வரைந்து கொடுத்து, அதில் நான்கு புள்ளிகளைக் குறித்து, அவற்றை வேகத்தின் வரிசையில் எழுதச் சொல்லுங்கள். பிறகு, "அந்த 76 ஆண்டுகளில், பூமி இருக்கும் தொலைவைவிடச் சூரியனுக்கு நெருக்கமாக அது எவ்வளவு காலம் இருக்கும்: பத்து ஆண்டுகளா, ஓர் ஆண்டா, சில மாதங்களா?" என்று கேளுங்கள். உண்மையான விடை ஏறத்தாழ இரண்டரை மாதங்கள். அந்த எண்ணைச் சரியாகச் சொல்ல வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். சில மாதங்களைத் தேர்ந்தெடுத்து, அருகே வரும்போது விரைந்து கடந்துவிடுவதால் என்று ஒரு வரி எழுதினாலே போதும்.

மூன்றாம் விதி தொலைவையும் சுற்றுக்காலத்தையும் இணைப்பது: தொலைவைப் பூமியின் தொலைவாலும் காலத்தை ஆண்டாலும் அளந்தால், காலத்தின் இருமடி (வர்க்கம்) தொலைவின் மும்மடிக்கு (கனம்) சமம். அதைச் சோதிக்க இன்னும் நுட்பமான வழி இருக்கிறது. சூரியனிலிருந்து பூமி இருப்பதைப்போல 4 மடங்கு தொலைவில் ஒரு சிறுகோள் இருப்பதாக வைத்துக்கொண்டு, அது ஒரு சுற்றுக்கு எத்தனை ஆண்டுகள் எடுக்கும் என்று கேட்டு, 4, 8, 16, 64 என்று நான்கு விடைகளைக் கொடுங்கள். சரியான விடை 8. தொலைவின் மும்மடி 4×4×4 = 64, காலத்தின் இருமடி 8×8 அதற்குச் சமம். ஆனால் தவறான விடைகளே உங்களுக்கு அதிகம் சொல்லும். 4 என்பவர் தொலைவு கூடினால் காலமும் அதே மடங்கில் கூடும் என்று எண்ணுகிறார். 16 என்பவர் ஏதோ ஓர் இருமடி உண்டு என்பதை மட்டும் நினைவில் வைத்திருக்கிறார். 64 என்பவருக்கு விதி நன்றாகத் தெரியும், கடைசியில் வர்க்கமூலம் எடுக்க மறந்துவிட்டார். இம்மூவருக்கும் மறுநாள் நீங்கள் சொல்ல வேண்டியது ஒன்றே அன்று. நான்கு விடைகளையும் மனம் போனபடி எழுதிய வினாவாக இருந்தால், யார் தவறினார் என்பது தெரியும், எங்கே தவறினார் என்பது தெரியாது.

சரியாக 8 என்று எழுதியவரையும் அத்துடன் விட்டுவிடாமல், ஏன் 4 ஆகாது என்று கேட்க வேண்டும். நெப்டியூன் பூமியைவிட 30 மடங்கு தொலைவில் இருக்கிறது. அதன் பாதையும் ஏறத்தாழ 30 மடங்கு நீளம். பூமியின் வேகத்திலேயே அது சென்றிருந்தால் 30 ஆண்டுகளில் சுற்றி முடித்திருக்கும். உண்மையில் ஏறத்தாழ 165 ஆண்டுகள் ஆகின்றன. 1846-இல் கண்டறியப்பட்ட நெப்டியூன், அதன்பின் தன் முதல் சுற்றை முடித்தது 2011-இல்தான். பாதை நீளமாக இருப்பதோடு, கோளும் மெதுவாகச் செல்கிறது: பூமி நொடிக்கு ஏறத்தாழ 30 கி.மீ. கடக்கிறது, நெப்டியூன் 5.4 கி.மீ. மட்டுமே. இந்த இரு காரணங்களையும் பிரித்துச் சொல்லத் தெரிந்த மாணவருக்குச் சூத்திரம் மறந்துபோனாலும் நான் கவலைப்பட மாட்டேன்.

கேள்வி: என் மகள் எட்டாம் வகுப்பில் படிக்கிறாள். பூமியின் பாதையை வரையச் சொன்ன கேள்விக்கு, கவராயத்தால் ஒரு வட்டம் போட்டு, நடுவிலிருந்து மிகச் சிறிது தள்ளிச் சூரியனைக் குறித்திருந்தாள். "பாதை நீள்வட்டம், வட்டமன்று" என்று எழுதி மதிப்பெண் தரவில்லை. நீண்டு ஒடுங்கிய வடிவம் வரைந்தவர்களுக்கு முழு மதிப்பெண் கிடைத்திருக்கிறது. இது சரியா?

பதில்: சரியன்று. உங்கள் மகளின் படம் முழு மதிப்பெண் பெற்ற படங்களைவிட உண்மைக்கு மிக அருகில் இருக்கிறது. இதை அழுத்திச் சொல்லக் காரணம், திருத்தியவரைக் குறை கூறுவதன்று. இந்தத் தவறு ஏறக்குறைய எல்லா வகுப்பறைகளிலும் நடக்கிறது, அதன் விளைவு படத்தோடு நின்றுவிடுவதுமில்லை.

பூமியின் பாதையை ஒரு தாளில் 20 செ.மீ. நீளமுள்ள நெட்டச்சோடு (நீள்வட்டத்தின் மிக நீண்ட குறுக்களவு) வரைவதாக வைத்துக்கொள்வோம். அப்போது குற்றச்சு (மிகக் குறுகிய குறுக்களவு) அதைவிட 0.03 மி.மீ. அளவே குறைவாக இருக்கும். பென்சில் கோட்டின் தடிமன் அதைவிடப் பல மடங்கு. ஆகவே கண்ணுக்கு அது வட்டமேதான். ஆனால் சூரியன் நடுவில் இருக்காது, 1.7 மி.மீ. தள்ளி இருக்கும், இதைக் கண்ணால் பார்க்கலாம். கோள்களில் மிகவும் ஒடுங்கிய பாதையுடைய புதனை அதே அளவில் வரைந்தாலும், குற்றச்சு 4 மி.மீ. சொச்சமே குறையும், சூரியனோ மையத்திலிருந்து 2 செ.மீ. விலகி நிற்கும். நம் கோள்களின் பாதைகளில் தெரியும் வேறுபாடு ஒடுக்கத்தில் இல்லை, சூரியன் ஒருபுறமாக ஒதுங்கி நிற்பதில் இருக்கிறது. உங்கள் மகள் வரைந்தது அதைத்தான்.

நீண்ட வடிவம் எங்கிருந்து வந்தது என்பதற்கு இரண்டு காரணங்கள் தோன்றுகின்றன. பாடநூல் படங்கள் பெரும்பாலும் சாய்வான கோணத்திலிருந்து பார்ப்பதுபோல் வரையப்பட்டவை. ஒரு தட்டைச் சாய்த்துப் பிடித்தால் அதன் விளிம்பு ஒடுங்கித் தெரிவதைப் போன்றது அது. மற்றொன்று நம் சொல்லிலேயே இருக்கிறது. "நீள்வட்டம்" என்று சொன்னவுடன் "நீள்" என்பது கையை இழுத்துக்கொண்டு போய்விடுகிறது.

கெப்ளருக்கு இந்த வடிவம் எளிதில் அகப்படவில்லை என்பதை மாணவருக்குச் சொல்ல வேண்டும். டென்மார்க்கின் வானியலாளர் டைக்கோ பிராஹே வெறுங்கண்ணால் அளந்து வைத்த செவ்வாயின் நிலைகளை அவர் ஆராய்ந்தபோது, வட்டப் பாதையை அடிப்படையாகக் கொண்ட அவருடைய கணக்கு அந்த அளவீடுகளிலிருந்து விலகியது 8 பாகைக்கலை மட்டுமே. முழுநிலவின் அகலத்தில் கால் பங்கு. அவ்வளவு சிறிய வேறுபாட்டையும் பிழை என்று ஒதுக்க மனம் ஒப்பாததால்தான் 1609-இல் நீள்வட்ட விதி வெளிவந்தது. படங்களில் உள்ளதுபோல் பாதைகள் ஒடுங்கியிருந்தால், அவருக்கு முன்பே எவரேனும் கண்டிருப்பார்.

ஒடுங்கிய படத்தின் தீங்கு பருவகாலங்களைக் கேட்கும்போது வெளிப்படும். அந்தப் படத்தை மனத்தில் வைத்திருக்கும் மாணவர், "பூமி சூரியனுக்கு அருகே வரும்போது கோடை" என்று தயங்காமல் எழுதுவார். அவருடைய படத்துக்கு அதுவே பொருத்தமான விடை. உண்மையில் பூமி ஜனவரித் தொடக்கத்தில் சூரியனிலிருந்து 14.71 கோடி கி.மீ. தொலைவிலும், ஜூலைத் தொடக்கத்தில் 15.21 கோடி கி.மீ. தொலைவிலும் இருக்கிறது. மிக அருகே இருக்கும் அந்த ஜனவரியில்தான் வட அரைக்கோளத்தில் குளிர்காலம். பருவங்களுக்குக் காரணம் அச்சின் 23.4 பாகைச் சாய்வு.

இவ்வகைப் படக் கேள்வியைத் திருத்தும் ஆசிரியர்களுக்கு ஒரு யோசனை சொல்கிறேன். "நேர் மேலிருந்து பார்ப்பதாக எண்ணி வரைக" என்று கேள்வியிலேயே எழுதிவிடுங்கள். நீள்வட்டத்தின் நட்டநடுவில் சூரியனை வைத்த படத்தைக் கண்டால் உடனே அடித்துவிடாமல், "உன் படத்தின்படி பூமி ஓராண்டில் எத்தனை முறை சூரியனுக்கு மிக அருகே வருகிறது?" என்று அந்த மாணவரிடமே கேளுங்கள். இரண்டு முறை என்பதை அவரே கண்டுபிடிப்பார். சூரியன் குவியத்தில் (நெட்டச்சின்மீது மையத்திலிருந்து ஒருபுறம் விலகிய புள்ளியில்) இருந்தால் ஒரே முறைதான் என்பது அதன்பிறகு மறக்காது. உங்கள் மகளின் ஆசிரியரிடம் இந்த அளவுகளைக் காட்டிப் பணிவாகப் பேசிப் பாருங்கள். கணக்கைப் பார்த்தால் ஏற்றுக்கொள்வார் என்றே நம்புகிறேன்.

கேள்வி: ஐந்தாம் வகுப்புக் குழந்தைகளிடம், "பூமி ஒருமுறை சுற்ற எவ்வளவு காலம் ஆகும்?" என்றால் பாதிப் பேர் ஒரு நாள் என்கிறார்கள், பாதிப் பேர் ஓர் ஆண்டு என்கிறார்கள். இந்தக் குழப்பத்தை எப்படித் தீர்ப்பது?

பதில்: இரு சாராரும் சரியாகச் சொல்லியிருக்கக்கூடும். பேச்சுத் தமிழில் பம்பரமும் சுற்றுகிறது, கோயிலையும் சுற்றுகிறோம். ஒரே வினை இரண்டு இயக்கங்களுக்கும் வந்துவிடுகிறது. கேட்பவர் "தன் அச்சில் சுழல", "சூரியனைச் சுற்றிவர" என்று பிரித்துக் கேட்க வேண்டும். அதன்பிறகும் குழம்பினால் அது குழந்தையின் குழப்பம். ஒரு குழந்தையைச் சூரியனாக நிறுத்தி, இன்னொரு குழந்தையைப் பூமியாக நடக்கச் சொல்லி, "இப்போது ஒரு நாளைக் காட்டு, இப்போது ஓர் ஆண்டைக் காட்டு" என்று கேட்டால் சொற்களின் தடையே இராது.

கேள்வி: "கோள் மீது செயல்படும் ஈர்ப்பு விசையும் மையவிலக்கு விசையும் (வெளிநோக்கித் தள்ளுவதாகத் தோன்றும் விசை) ஒன்றையொன்று சமன் செய்வதால் அது பாதையில் நிற்கிறது" என்று மேல்நிலை மாணவர்கள் பலர் எழுதுகிறார்கள். சில கையேடுகளிலும் அப்படித்தான் இருக்கிறது. இதற்கு மதிப்பெண் கொடுக்கலாமா?

பதில்: உடனே கொடுக்கவும் வேண்டாம், உடனே மறுக்கவும் வேண்டாம், இன்னொரு கேள்வி கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். கோளோடு சேர்ந்து சுழலும் ஒரு நோக்குச் சட்டத்திலிருந்து, அதாவது இயக்கத்தை அளக்கும் பார்வை நிலையிலிருந்து, பார்ப்பவர் அப்படிச் சொல்வதற்கு இடமுண்டு. ஆனால் அதை எழுதும் பள்ளி மாணவர்களில் பெரும்பாலோர் எந்தச் சட்டத்திலிருந்து பேசுகிறோம் என்று எண்ணிப் பார்த்தவர்கள் அல்லர். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு, சமன் செய்யப்பட்ட விசைகளை உடைய பொருள் நேர்கோட்டில் சீரான வேகத்தில் செல்ல வேண்டும்; அது நியூட்டனின் முதல் விதி. கோள் வளைந்து செல்கிறது என்பதே, சமன் செய்யப்படாத ஒரு விசை அதன்மீது இருக்கிறது என்பதற்குச் சான்று. அந்த விசை சூரியனின் ஈர்ப்பு, அது ஒன்றே.

நீங்கள் கேட்க வேண்டிய துணைக்கேள்வி இது: "சூரியனின் ஈர்ப்பு இந்தக் கணமே மறைந்துவிட்டால், கோள் அதன்பின் செல்லும் பாதையை வரைக." தொடுகோட்டின் திசையில் நேர்கோடு வரைந்தவர் நிலைமத்தை (விசை இல்லாதபோது பொருள் தன் இயக்கத்தை மாற்றாத பண்பை) புரிந்துகொண்டவர், முன்பு அவர் எழுதிய வாக்கியம் சொற்பிழையே. சூரியனிலிருந்து நேர் எதிராக வெளிநோக்கிக் கோடு போட்டவர், மையவிலக்கு விசை என்ற ஒன்று கோளை வெளியே தள்ளிக்கொண்டிருப்பதாக உண்மையிலேயே நம்புகிறார். சற்று வளைந்து, பிறகு நேராகும் கோடு வரைபவரும் உண்டு. வட்டமாகச் சென்ற பொருளுக்கு வட்டமாகச் செல்லும் பழக்கம் சிறிது நேரம் மிஞ்சியிருக்கும் என்பது அவர் எண்ணம். படம் சரியாக இருந்தாலும், "கோளை முன்னோக்கித் தள்ளுவது எது?" என்றும் கேட்டுப் பாருங்கள். எதுவும் தள்ளவில்லை, தள்ளத் தேவையுமில்லை என்ற விடை வந்தால், இப்பாடத்தின் கடினமான பகுதியை அவர் கடந்துவிட்டார் என்று பொருள்.

இந்தக் கேள்விக்கு ஒரு மாணவர், "பூமி உடனே விலகாது, எட்டு நிமிடங்களுக்குப் பிறகே விலகும்" என்று எழுதினால் பிழை என்று அடித்துவிடாதீர்கள். ஈர்ப்பில் ஏற்படும் மாற்றமும் ஒளியின் வேகத்தில்தான் பரவுகிறது. சூரியனிலிருந்து பூமிக்கு ஒளி வர 8 நிமிடம் 20 நொடி ஆகிறது. அவர் உங்கள் கேள்வியைத் தாண்டிப் படித்திருக்கிறார்.

கேள்வி: மாணவர்கள் செய்துவரும் சூரியக் குடும்ப மாதிரிகளுக்கு மதிப்பெண் கொடுக்க வேண்டியிருக்கிறது. வண்ணமும் நேர்த்தியும்தான் முதலில் கண்ணில் படுகின்றன. புரிதலை எப்படி அளப்பது?

பதில்: மாதிரியின் அருகே மாணவரை நிறுத்தி, "இதில் உண்மைக்கு மாறாக இருப்பவை எவை?" என்று கேளுங்கள். மதிப்பெண்ணில் பாதியை அந்த விடைக்கே ஒதுக்கலாம். சூரியனை 10 செ.மீ. பந்தாக வைத்தால், பூமி 1 மி.மீ.க்கும் சற்றுக் குறைவான ஒரு துகளாகி, ஏறத்தாழ 10.7 மீட்டர் தள்ளி நிற்கும். நெப்டியூன் 320 மீட்டருக்கு அப்பால். மேசைமேல் அடங்கும் எந்த மாதிரியும் இதைக் காட்ட முடியாது, அது குற்றமும் அன்று. அளவு, தொலைவு, கோள்கள் எல்லாம் ஒரே வரிசையில் நிற்பது, எல்லாம் ஒரே வேகத்தில் சுற்றுவது என்று பொய்யானவற்றைத் தாமே எண்ணிச் சொல்லும் மாணவர், மாதிரி சுமாராக இருந்தாலும் புரிந்துகொண்டவரே.

கேள்வி: "வியாழன் மிகவும் கனமானது, அதனால்தான் மெதுவாகச் சுற்றுகிறது" என்று என் மாணவன் ஒருவன் உறுதியாகச் சொல்கிறான். வியாழனுக்கு ஏறத்தாழ 12 ஆண்டுகள் ஆவதைச் சான்றாகவும் காட்டுகிறான். எப்படி மறுப்பது?

பதில்: மறுக்க வேண்டாம், அவன் விதியை அவனே சோதிக்கட்டும். கோள்களின் நிறைகளையும் சுற்றுக்காலங்களையும் ஓர் அட்டவணையாகக் கொடுத்து, கனமானதிலிருந்து இலேசானது வரை வரிசைப்படுத்தச் சொல்லுங்கள். வியாழன் நிறையில் சனியைப்போல மூன்று மடங்குக்கும் மேல். ஆனால் சனிக்குத்தான் ஏறத்தாழ 29 ஆண்டுகள் ஆகின்றன. செவ்வாய் பூமியின் நிறையில் ஏறத்தாழ ஒன்பதில் ஒரு பங்கு. அதற்கு ஆவதோ 687 நாட்கள். அவன் விதி இங்கே முறிந்துவிடும். பிறகு தொலைவின் வரிசையில் எழுதச் சொன்னால், ஓரிடத்திலும் முறியாத வரிசையைக் காண்பான்.

அதன்பின் அவனிடம் கேட்க ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது: வியாழனை எடுத்துவிட்டு, அதே பாதையில் ஒரு கூழாங்கல்லை வைத்தால் அது எத்தனை ஆண்டுகளில் சுற்றும்? அதே 12 ஆண்டுகள் என்றால் சரி. ஆர்வம் மிக்கவனாக இருந்தால் இன்னும் ஒரு படி மேலே செல்லலாம்: வியாழனும் சூரியனைச் சிறிது இழுக்கிறது, அதன் நிறை சூரியனின் நிறையில் ஏறத்தாழ 1,047-இல் ஒரு பங்கு. அதைக் கணக்கில் சேர்த்தால் இலேசான கூழாங்கல்தான் ஒரு சுற்றுக்கு வியாழனைவிட ஏறத்தாழ இரண்டு நாள் கூடுதலாக எடுத்துக்கொள்ளும்.